மைக் போட்டுத் தேடிய மாத்திரை

சில வருடங்களுக்கு முன், கொல்கத்தாவில் துர்கா பூஜையின் அஷ்டமி நாள் காலை. பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சமையலறை ஜன்னல் பக்கத்தில், எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன். கிண்ணத்துக்குள் வெள்ளையாக, நொய்க்கஞ்சி மாதிரி ஏதோ இருந்தது. அது என் தைராய்டு மாத்திரை. ஒன்றிரண்டு அல்ல, வீட்டில் இருந்தது அவ்வளவும்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் திருச்சிக்காரி. வீட்டுக்கு ஒரே பெண், அண்ணன் தம்பி என்று யாரும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைராய்டு உண்டு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் கணவர் டிக்காஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, என் எதிரிலேயே உட்கார்ந்து உறிஞ்சிக் குடிப்பார். மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாது.

சாதாரண நாளாக இருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். அப்போது எனக்கு மூன்றாம் மாதம். அதற்கு முன்னால் ஒருமுறை உண்டாகி, கலைந்துபோயிருந்தது. அந்தச் சமயம் தைராய்டு அளவு தாறுமாறாக இருந்தது. அதனால்தான் கலைந்ததா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் என் மனசு அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தது. இந்த முறை கொல்கத்தா டாக்டரம்மா படிப்படியாக அளவைச் சரிசெய்து, போன மாதம்தான் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "இப்போதான் சரியான இடத்துல வந்து நிக்குது. இதே பிராண்ட், இதே எழுபத்தஞ்சு பவர். நடுவுல எதையும் மாத்தாதே" என்றார். எனக்கு அது வேதவாக்கு.

நான் சாப்பிடுவது நீல மூடி போட்ட சின்ன வெள்ளை பாட்டில். பெயரைச் சொல்லி அந்த கம்பெனிக்கு நான் விளம்பரம் செய்யப்போவதில்லை, நீல மூடி என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பேட்டை மருந்துக் கடைகளில் அது கிடைக்காது. கேட்டால், "இதுவும் அதே மருந்துதான் பௌதி" என்று வேறொரு அட்டையை நீட்டுவார்கள். பௌதி என்றால் அண்ணி. இங்கே கல்யாணமான பெண்கள் எல்லோரும் ஊருக்கே அண்ணிதான். நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அப்பா திருச்சியிலிருந்து பாட்டில் அனுப்பி வைப்பார்.

சரி, மாத்திரை எப்படிக் கஞ்சியானது? அதுதான் வேடிக்கை. அங்கே துர்கா பூஜை நடக்கும் அதே நாட்களில் நமக்கு நவராத்திரி. மூன்று படியாவது கொலு வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து வைத்திருந்தேன். படிக்குக் கீழே பார்க் போடும் வேலை என் கணவருடையது. கடுகு தூவி முளைக்கவிட்டு, கண்ணாடியில் குளம் செய்து, தீப்பெட்டிகளை அடுக்கி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பே கட்டிவிட்டார். சப்தமி அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு குறை தோன்றியது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இல்லை. வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். உருண்டையாக, வெள்ளையாக, அளவெடுத்த மாதிரி அவர் கண்ணில் பட்டது என் மாத்திரை பாட்டில். மாத்திரைகளைக் கிண்ணத்தில் கொட்டி, ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, பாட்டிலை மொட்டை மாடியில் நிறுத்திவிட்டார். நீல மூடி வேறு இருந்ததா, பார்க்க அசல் தொட்டிதான். நானே "அட, ஜோரா இருக்கே!" என்று பாராட்டினேன். அது என் பாட்டில் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இரவு பெய்த மழை ஜன்னல் வழியாகச் சாய்ந்தடித்துக் கிண்ணத்தை நிரப்பிவிட்டது.

"என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"டேங்க் இல்லாம அபார்ட்மென்ட் எப்படிம்மா... எலுமிச்சம்பழ மூடியாட்டம் எதையாவது வெச்சா ஸ்கேல் சரியா வராதேன்னு..."

அவர் முகம் செத்துப்போயிருந்தது. சட்டையைக்கூடச் சரியாகப் பொத்தான் போடாமல் மருந்துக் கடை தேடி ஓடினார். அஷ்டமி அன்று தெற்குக் கொல்கத்தாவில் ஓடுவதாவது? நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பூஜை விடுமுறையில் பாதி ஊர் மலைக்குப் போய்விடும், டாக்டர்கள் மட்டும் விதிவிலக்கா? செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அழுகைச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார் மேல்வீட்டு தீதி. தீதி என்றால் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, அம்மனுக்குப் பூப் போட்டு அஞ்சலி செலுத்தப் பந்தலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்தியும் வங்காளமும் கலந்து பேசுவார், எனக்கு முக்கால்வாசி புரியும். அவர் பேசியதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"ஏ மா! இதுக்கா அழறே? எனக்கும்தான் தைராய்டு. என் மாத்திரையை எடுத்துக்கோ."

"உங்களுது வேற பிராண்ட் தீதி. டாக்டர் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தீதி" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

"சேச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னையும் பந்தலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் தெருமுனையிலேயே பந்தல். பேட்டை மொத்தமும் அங்கே நின்றது. அஷ்டமி அஞ்சலிக்கு எல்லோரும் குளித்து, சாப்பிடாமல், புதுத்துணி கட்டிக்கொண்டு வருவார்கள். புரோகிதர் மைக்கில் மந்திரம் சொல்லச் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லிப் பூவைப் போட்டது. கடைசிப் பூ விழுந்ததும் தீதி விறுவிறுவென்று மேடைக்குப் போய், காணாமல்போன குழந்தைகளைப் பற்றி அறிவிக்கும் மைக்கை வாங்கிக்கொண்டார். 

"எல்லாரும் கவனிங்க! எங்க கட்டடம் ரெண்டாவது மாடி மெட்ராஸ் பொண்ணுக்கு அவசரமா தைராய்டு மாத்திரை வேணும். நீல மூடி பாட்டில், எழுபத்தஞ்சு பவர். வேற கம்பெனி ஆகாது. ஏன்னா அவளுக்கு இப்போ மூணாவது மாசம்! இருந்த மாத்திரையை எல்லாம் புருஷன் மழையில நனைச்சுட்டார்!"

கடவுளே! மூன்று தெருவுக்குக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் என் மூன்றாவது மாசம் முழங்கியது. பந்தலே திரும்பி என்னைப் பார்த்தது. அங்கே நல்ல சேதிக்குத்தான் சங்கு ஊதுவார்கள், யாரோ ஒரு அம்மாள் சங்கே ஊதிவிட்டாள். தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் என்னாகும் என்று நினைத்தபோது, அழுகையோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். கூட்டம் கலைந்து வீடுகளுக்கு ஓடி, கையில் மாத்திரையோடு திரும்பி வந்தது. எங்கள் பேட்டையில் இத்தனை தைராய்டா என்று நான் வாயைப் பிளந்தேன். பச்சை மூடி, ரோஸ் அட்டை, வெள்ளிக் காகிதப் பட்டை என்று ஒவ்வொருத்தி கையிலும் ஒன்று. நீல மூடி மட்டும் இல்லை. நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, சுற்றி நின்று விவாதத்தை ஆரம்பித்தார்கள்.

"பாட்டிலே தப்பு. திறந்து திறந்து மூடினா காத்துப் பட்டுச் சத்து போயிடும். அட்டைதான் நல்லது."

"உனக்கு என்ன தெரியும்? என் நாத்தனார் அட்டைக்கு மாறினதிலேர்ந்து முடி கொட்டிப் போச்சு."

"அது முடி இல்லே, உன் நாத்தனாரோட குணம்!"

ரோஸ் அட்டைக் கட்சி ஒரு பக்கம், பச்சை மூடிக் கட்சி ஒரு பக்கம். மீன் குழம்புக்குக் கடுகா, வெங்காயமா என்று சண்டை போடுவார்களே, அதே ஆவேசம். ஒரு பெரியவர் சம்பந்தமே இல்லாமல் வாயு மாத்திரை கொண்டுவந்து, எல்லா வியாதிக்கும் மூலம் வயிறுதான் என்று என் கையில் திணித்தார். இன்னொருவர் ஹோமியோபதி உருண்டை கொடுத்தார். இந்தக் கூத்துக்கு நடுவில் கீழ்வீட்டு தாதா மட்டும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு நேர் கீழ்வீடு. ஆறடிக்கு மேல் உயரம், கடா மீசை. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்தான். ஆனால் இவரைப் பார்த்தால் நம் ஊர் அர்த்தம்தான் பொருந்தும். ஆற்றில் கரைக்கும் விசர்ஜனத்தன்று அம்மன் சிலையைத் தூக்க முதல் தோள் இவருடையது. இவர் சத்தம் போட்டால் தெருவில் வண்டிகள் தானாக ஒதுங்கும். எனக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. நான் காலையில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி போட்டால் போதும், கீழேயிருந்து கம்பால் கூரையைத் தட்டுவார். ஒருநாள் படியேறி வந்தே கத்தினார். அன்று பந்தலில் அவர் முகத்தைப் பார்த்தபோது, இவருக்கு இது இளக்காரமாக இருக்கும் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

மத்தியானம் என் கணவர் வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தார். காளிகாட் பக்கம் பார்த்துவிட்டு கரியாஹாட் போயிருக்கிறார். திறந்திருந்த கடைகளில் நீல மூடி இல்லை. கூட்டம் தள்ளிய தள்ளில், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு பந்தல்களில் தரிசனம் முடிந்துவிட்டதாம். "தெரு முனையிலேர்ந்து எல்லாரும் கைகுடுத்து வாழ்த்து சொல்றாங்க. எப்படி விஷயம் தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் மேலே கையைக் காட்டினேன்.

அப்போதுதான் டாக்டரம்மா கூப்பிட்டார். பின்னால் காற்று இரைந்தது, ஏதோ மலை உச்சியில் நின்று பேசினார்.

"முதல்ல அழுகையை நிறுத்து. ஒரு நாள் தவறினதால குழந்தைக்கு ஒண்ணும் ஆயிடாது. ஆனா நாளையிலேர்ந்து சும்மா இருக்கக் கூடாது. எல்லா பிராண்ட்லயும் மருந்து ஒண்ணுதான், உடம்பு ஏத்துக்கற அளவு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நீல மூடி கிடைச்சா அதையே போடு. சின்ன பவர் கிடைச்சாலும் சரி, இருபத்தஞ்சுல மூணு போட்டா எழுபத்தஞ்சுதானே? அதுவும் கிடைக்கலேன்னா, வேற கம்பெனியில பிரிக்காத அட்டையா, தேதி பார்த்து வாங்கிப் போட்டுக்கோ. நான் வந்து சில வாரத்துல டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கறேன். மாத்திரையே இல்லாம இருக்கறதுக்கு எந்த பிராண்டும் மேல்."

நியாயமாக அங்கேயே என் கவலை தீர்ந்திருக்க வேண்டும். தீதியிடம் பிரிக்காத ரோஸ் அட்டை இருந்தது, எழுபத்தைந்துதான். வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது மூளைக்குப் புரிந்தது. வயிற்றைத் தடவும்போது போன தடவை நடந்ததுதான் ஞாபகம் வந்தது. இப்போதுதான் சரியான இடத்தில் நிற்கிறது, இதில் எதையாவது மாற்றி மறுபடியும் அப்படி ஆகிவிட்டால் நான் தாங்க மாட்டேன் என்று பயமாக இருந்தது.

பேட்டை முழுக்கப் பந்தலில் கிச்சடி பிரசாதம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். படிக்கட்டில் ஈ, காக்கை இல்லை. யாரோ மெதுவாகக் கதவைத் தட்டினார்கள். திறந்தால், கீழ்வீட்டு தாதா. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே வந்து கதவைச் சாத்தினார். இன்றைக்கு நான் மிக்ஸியே போடவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் இடுப்பிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நீல மூடி. சீல் பிரிக்காதது. இருபத்தைந்து.

"இது... யாருக்கு வாங்கினது தாதா?"

அந்த மலை போன்ற மனுஷர் தரையைப் பார்த்தார். "எனக்குத்தான் பௌதி. ரெண்டு பவர் சேர்த்துப் போடறேன், நூறும் இருபத்தஞ்சும். வீட்ல என் பொண்டாட்டியைத் தவிர யாருக்கும் தெரியாது. இது பொம்பளைங்க வியாதின்னு சொல்லுவாங்க. இங்கே வாங்கினா பேட்டை முழுக்கத் தெரிஞ்சிடும்னு, ஹவுராவுல போய் வாங்கிட்டு வரேன். அங்கே இந்தக் கம்பெனிதான் கிடைக்கும். என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, இதை நீங்க வெச்சுக்கோங்க. மைக்ல மட்டும் சொல்லிடாதீங்க."

நான் அழுதேன். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உட்காரவைத்து, சுண்டல் கொடுத்து, காபி போட்டோம். அவர் டம்ளரை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, "இதுதான்! இதுதான்!" என்று கத்தினார்.

"எது தாதா?"

"தினம் விடியக்காலையில மாத்திரையைப் போட்டுட்டு, டீகூடக் குடிக்க முடியாம ஒரு மணி நேரம் பசியோட படுத்துக் கிடப்பேன். அப்போ பார்த்து உங்க வீட்லேர்ந்து இந்த வாசனை வரும். கூடவே மிக்ஸி. மனுஷனுக்குக் கோவம் வருமா வராதா?"

"வரும் தாதா, எனக்கும் தினம் வருது. நானும் அதே ஒரு மணி நேரம்தான் காத்துக் கிடக்கிறேன். அந்தக் காபி இவரோடது!" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து என் கணவரை முறைத்தோம். அப்புறம் தாதா சிரித்த சிரிப்பில் கொலுப் படியில் இருந்த தலையாட்டி பொம்மை ஆடியது. மறுநாள் நவமி காலை, சின்னச் சின்னதாக மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அம்பாளையும் கீழ்வீட்டையும் கும்பிட்டுவிட்டு விழுங்கினேன். அந்தக் காலையிலிருந்து என் கணவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிக்காஷன் இறக்குகிறார்.

அதன்பிறகு அப்பா திருச்சியிலிருந்து அனுப்ப வேண்டிய தேவையே வரவில்லை. தாதா தனக்கு வாங்கும்போது எனக்கும் எழுபத்தைந்தில் வாங்கிவந்து, செய்தித்தாளில் சுற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். தெருவில் பார்த்தால் பழையபடி முறைப்பார். நானும் முறைப்பேன். தீதிகூட, "பாவம், உங்களுக்குள்ள இன்னும் சமாதானம் ஆகலையா?" என்று கேட்டார்.

பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. ஏழாம் மாதம் சோறு ஊட்டும் விசேஷத்தைப் பந்தல் போட்ட அதே இடத்தில்தான் வைத்தோம். வங்காளத்தில் முதல் வாய்ச் சோற்றைத் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். நமக்கும் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, "இவளுக்குத்தான் கூடப்பிறந்தவன் இல்லையே, யார் மடியில குழந்தையை வைக்கறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்வரிசையிலிருந்து தாதா எழுந்து வந்தார். பட்டு ஜிப்பா போட்டிருந்தார். நேராக மனையில் உட்கார்ந்து, குழந்தைக்காக மடியை விரித்தார். பேட்டையே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. இந்த மெட்ராஸ்காரியோடு சண்டைக்காரர் ஆயிற்றே!

"நீ எப்படிடா மாமன்?" என்று கேட்டார் தீதி.

அவர் எழுந்து நிற்கவில்லை. மைக்கும் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு மைக் எதற்கு?

"எனக்கும் தைராய்டு தீதி. பல வருஷமா. இவ சாப்பிடற அதே நீல மூடி. இந்தக் குழந்தை வயித்துல இருந்தப்போ என் பாட்டில்லேர்ந்துதான் சாப்பிட்டா. இவ என் தங்கச்சி. போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பச்சை மூடிக் கட்சிப் பெண்மணி ஒருத்தி மட்டும், "அப்போவே சொல்லியிருந்தா என்னுதையாவது சிபாரிசு பண்ணியிருப்பேனே" என்றாள். அப்புறம்தான் கூட்டம் வெடித்துச் சிரித்தது. தாதா பாயசச் சோற்றை விரல் நுனியில் எடுத்து என் மகள் வாயில் வைத்தார். 

இப்போது டாக்டரம்மா, "இனிமே எந்தப் பயமும் இல்லை. பக்கத்துக் கடையிலேயே கிடைக்கற பிராண்டுக்கு மாறிக்கோ, டெஸ்ட் பார்த்துச் சரி பண்ணிடலாம்" என்கிறார். எந்த அட்டையும் எந்த மூடியும் என்னை ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நான் உட்கார்ந்திருக்கும்போது, கீழே ஒரு அண்ணனும் அதே பசியோடு காத்திருக்கிறார் என்ற நினைப்பு வேறு எந்த பிராண்டிலும் எனக்குக் கிடைக்காது.